லுத்தரைக் காப்பாற்றியது யார்? வாலிபர் கூட்டத்தில் வந்த ஒரு கேள்வி

பொறையார்_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாளுக்கு (16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் ரோமச் சபையை எதிர்த்துத் தொடங்கிய சீர்திருத்தத்தின் நினைவு நாள்) எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவள். ஊர் பொறையார், தரங்கம்பாடிக்குப் பக்கத்திலேயே. சின்ன வயதில் அப்பா சைக்கிளில் புதிய எருசலேம் ஆலயத்துக்கு அழைத்துப் போவார். முகப்பில் ஒரு கிரீடமும் பின்னிய எழுத்துகளும் இருக்கும். "டென்மார்க் ராஜா நாலாம் ஃபிரெடரிக்கின் முத்திரை" என்று காட்டுவார். ஆலயத்தில் ராஜாவின் முத்திரைக்கு என்ன வேலை என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

போன ஞாயிறு கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற தம்பி ஒருவன் வந்தான். "அக்கா, செக் நாட்டுப் போதகர் யான் ஹுஸும் லுத்தர் சொன்னதில் பாதியை நூறு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். அவரை எரித்தார்கள். லுத்தர் படுக்கையில் இறந்தார். நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு ராஜாதானே? அப்போ நம்ம சபை தேவனுடைய காரியமா, அரசியலா?"

பதில் சொல்ல முடியவில்லை. "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அதிலிருந்து மனசு சரியில்லை. ஏனென்றால் அவன் எதிர்த்துப் பேசவேண்டும் என்று கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

வரலாறு தெரிந்தவர்கள் உதவுங்கள். சாக்சனி இளவரசர் லுத்தரை ஏன் காப்பாற்றினார்? பதிலுக்கு என்ன வாங்கிக்கொண்டார்? அரசனே இல்லாமல் எங்காவது ஒரு சீர்திருத்தம் பிழைத்திருக்கிறதா? "தேவன் ராஜாக்களின் இருதயத்தைத் திருப்பினார்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் அவன் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியாது.

சரித்திர_வாத்தியார்:

அம்மா, பையனைப் பாராட்டுங்கள். 32 வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்.

முதலில் ஒரு திருத்தம். ஹுஸுக்கும் ஆதரவு இருந்தது. சிகிஸ்முண்ட் மன்னரின் பாதுகாப்பு உறுதியை நம்பித்தான் அவர் 1414இல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்துக்குப் போனார். அந்த உறுதி அவரைக் காக்கவில்லை. 1415 ஜூலை 6 அன்று எரிக்கப்பட்டார். அவர் நாடான பொஹீமியாவின் பிரபுக்கள் நூற்றுக்கணக்கில் முத்திரையிட்டுக் கண்டனம் அனுப்பினார்கள், ஆனால் அது அவர் இறந்த பிறகு. பக்கத்தில் நின்று "இவரைத் தொடாதே" என்று சொல்லக்கூடிய, அதே நேரம் எதிர்த்தரப்புக்குத் தேவைப்படுகிற ஒருவர் அவருக்கு இல்லை. லுத்தருக்கு இருந்தார்: சாக்சனியை ஆண்ட இளவரசர் ஃபிரெடரிக் (உங்கள் டென்மார்க் ராஜா வேறு). ஃபிரெடரிக்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருப்பது அதனால்தான்.

இவர் பழைய பக்தியில் ஊறியவர். 1493இல் எருசலேமுக்கு யாத்திரை போய்வந்தவர். புனிதர்களின் எலும்பு, துணி, முள் என்று அவர் விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தில் சேர்த்து வைத்தவை 1520 வாக்கில் ஏறத்தாழ 19,000. நவம்பர் 1 சகல பரிசுத்தவான்கள் திருநாளில் அவற்றைத் தரிசிக்க வருகிறவர்களுக்குப் பாவத் தண்டனைக் குறைப்பு உண்டு. இப்படிப்பட்ட தண்டனைக் குறைப்பை விற்பதைக் கேள்வி கேட்டு லுத்தர் 95 கருத்துகளை வெளியிட்டது அதற்கு முந்தின நாள். கதவில் ஒட்டியதாகச் சொல்லப்படுவதும் அந்த ஆலயத்தின் கதவுதான். அதாவது லுத்தரின் வாதம் தன் இளவரசரின் சேகரிப்பையும் தொட்டது. இதை வாலிபர்களுக்குச் சொல்லுங்கள். ஃபிரெடரிக் லுத்தரின் சீடராக இருந்ததால் காப்பாற்றினார் என்று பலர் நினைக்கிறார்கள். புதிய முறைப்படி திருவிருந்தில் அப்பமும் ரசமும் இரண்டையும் அவர் பெற்றது 1525 மே மாதம், மரணப் படுக்கையில். லுத்தரோடு அவர் உட்கார்ந்து பேசியதாகவே தெரியவில்லை. எல்லாம் ஸ்பாலட்டின் என்ற செயலர் வழியாகக் கடிதத்தில் நடந்தது.

அப்புறம் ஏன் காப்பாற்றினார்? விட்டன்பர்க் பல்கலைக்கழகம் அவர் 1502இல் தொடங்கியது. லுத்தர் அங்கே பேராசிரியர், மாணவர் கூட்டம் அவரைத் தேடி வந்தது. இது ஒன்று. இன்னொன்று பணம். டெட்சல் என்ற துறவி விற்ற பாவமன்னிப்புச் சீட்டின் வருமானத்தில் பாதி ரோமில் பேதுரு ஆலயம் கட்டப் போனது. மறுபாதி ஃபுக்கர் வங்கிக் குடும்பத்துக்குப் போனது. மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தன் பதவிக்காக அவர்களிடம் வாங்கிய கடன் அது. ஆல்பிரெக்டின் அண்ணன் பிராண்டன்பர்க் இளவரசர். ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலான பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு வாக்குகளில் இரண்டு அந்த ஒரே வீட்டில். பக்கத்து வீட்டுப் போட்டியாளரின் கடனை என் குடிமக்கள் ஏன் அடைக்க வேண்டும் என்று ஃபிரெடரிக் டெட்சலை எல்லைக்குள்ளேயே விடவில்லை. விட்டன்பர்க் மக்கள் எல்லை தாண்டி யூட்டர்போக்குக்குப் போய்ச் சீட்டு வாங்கினார்கள். திரும்பி வந்து லுத்தரிடம் பாவ அறிக்கை செய்யும்போது அதைக் காட்டினார்கள். அவர் கோபம் அங்கிருந்துதான் தொடங்கியது.

இனி தேர்தல். பேரரசர் மாக்சிமிலியன் 1519 ஜனவரியில் இறந்தார்; அடுத்தவர் யார் என்ற பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஸ்பெயின் மன்னர் சார்லஸ் அடுத்து வருவதைப் போப் பத்தாம் லியோ விரும்பவில்லை. வாக்குள்ள ஏழு பேரில் ஃபிரெடரிக் ஒருவர். அவரைப் பகைக்க முடியுமா? அவருக்குத் தங்க ரோஜா என்ற உயர்ந்த மரியாதையைப் போப் அனுப்பினார். ரோமில் நடக்கவேண்டிய லுத்தரின் விசாரணை 1518 அக்டோபரில் ஜெர்மனியிலேயே, ஆக்ஸ்பர்கில் நடந்தது. கைது செய்து கொண்டுவா என்ற பேச்சு அடங்கிக் கிடந்தது. அந்த இரண்டு வருட இடைவெளியில்தான் லுத்தரின் நூல்கள் அச்சாகி ஜெர்மனி முழுக்கப் போய்ச் சேர்ந்தன. சார்லஸும் தேர்தலுக்காக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்: விசாரிக்காமல் எந்த ஜெர்மானியரையும் சட்டத்துக்குப் புறம்பானவராக அறிவிக்கக் கூடாது. 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசு மன்றத்தில் லுத்தருக்குப் பேச வாய்ப்புக் கிடைக்க ஃபிரெடரிக் இந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார்.

அங்கே தன் நூல்களைத் திரும்பப் பெற முடியாது என்று லுத்தர் மறுத்துப் பேசியது அவருடைய சொந்தத் துணிச்சல். அந்த மண்டபத்தில் அவருக்கு முன்னால் ஹுஸின் சாம்பல் இருந்தது. அதே மாதிரி ஒரு பாதுகாப்பு உறுதிதான் அவர் கையிலும் இருந்தது. இதை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் மே 4 அன்று திரும்பும் வழியில் காட்டில் குதிரைக்காரர்கள் அவரைக் "கடத்தி" வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்தது ஃபிரெடரிக்கின் ஏற்பாடு. எங்கே ஒளிக்கிறீர்கள் என்று தனக்கே சொல்ல வேண்டாம் என்று உத்தரவு. யார் கேட்டாலும் தெரியாது என்று மனசாட்சியோடு சொல்லலாம் அல்லவா. தாடி வளர்த்து, பெயர் மாற்றி, பத்து மாதம் லுத்தர் அங்கே இருந்தார். புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் கொண்டுவந்தது அந்த அறையில்தான், ஏறத்தாழ பதினோரு வாரத்தில்.

ஆக, பையனின் கேள்வியில் முதல் பாதி சரி. ராஜா இல்லாவிட்டால் நெருப்பு. இரண்டாவது பாதிக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். கண் வலிக்கிறது, நாளை எழுதுகிறேன்.

வெண்ணாற்றங்கரை:

வாத்தியார் நாளை எழுதுமுன் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன் அக்கா. விலை கொடுத்தவர்கள் லுத்தரும் இல்லை, இளவரசரும் இல்லை.

என் தாத்தா பண்ணையாள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை இன்னும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அதனால் 1525இல் பிரபுக்களுக்கு எதிராக எழுந்த ஜெர்மன் குடியானவர்கள் மெம்மிங்கன் நகரத்தில் எழுதிய பன்னிரண்டு கோரிக்கைகளை முதல் தடவை வாசித்தபோது என்னால் புத்தகத்தை மூட முடியவில்லை. முதல் கோரிக்கை: எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், தவறினால் நீக்கவும் வேண்டும். மூன்றாவது: எங்களை அடிமைகளாக வைத்திருக்கிறீர்கள், கிறிஸ்து தம் இரத்தத்தால் மேய்ப்பனையும் மேன்மையானவனையும் ஒருபோலத்தானே மீட்டார்? பிறகு காடு, ஆற்று மீன், நில வாரம், கூலியில்லா வேலை, இறந்தவன் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிற வரி. கடைசியில், இவற்றில் எது வேதத்துக்கு விரோதம் என்று காட்டினாலும் கைவிடுகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். வேதத்தைக் கையில் கொடுத்தவர் லுத்தர். அவர் கொடுத்ததை அவர்கள் படித்தார்கள், அவ்வளவுதான்.

லுத்தர் முதலில் எழுதிய பதிலில் பிரபுக்களைக் கடுமையாகக் கண்டித்தார், அது உண்மை. உங்கள் பேராசையால்தான் இது வந்தது என்றார். ஆனால் மூன்றாவது கோரிக்கைக்கு அவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்களே என்பது. கிறிஸ்தவ விடுதலையைச் சரீர விடுதலையாக்காதீர்கள் என்பது. பிறகு வைன்ஸ்பர்கில் குடியானவர்கள் பிரபுக்களைக் கொன்றார்கள். அந்தக் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. அதற்கப்புறம் மே மாதம் வந்த அவருடைய சிறு நூல் குத்து, வெட்டு, கொல் என்று இளவரசர்களிடம் சொன்னது. மே 15 ஃபிராங்கன்ஹவுசனில் குடியானவர் படை ஒரே நாளில் அழிந்தது. இந்தக் குடியானவர் போர் முழுவதிலும் ஒரு லட்சம் பேர் வரை செத்திருக்கலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள். குடியானவர்கள் பக்கம் நின்ற போதகர் தாமஸ் முன்சரின் தலையை வெட்டினார்கள்.

"எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்ற ரோமர் 13ஐ லுத்தர் இளவரசரின் நிழலில் உட்கார்ந்துதான் எடுத்துக்காட்டி எழுதினார். அவர் பயந்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவர் அதை உண்மையாகவே நம்பினார், எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது. தரங்கம்பாடி மிஷன் ஆலயங்களில் சாதிவாரியாகத் தனி இருக்கை இருந்த காலம் உங்களுக்குத் தெரியும். ஆத்துமாவுக்கு ஒரு விடுதலை, உடம்புக்கு வேறு சட்டம் என்ற அதே வாதம்தான் அங்கேயும் ஓடியது.

தயவுசெய்து உங்கள் அரை மணி நேரத்தில் ஐந்து நிமிடம் இந்த மக்களுக்குக் கொடுங்கள் அக்கா.

சிங்கை_வாசகர்:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் சுருக்கமாக. அரசன் இல்லாமல் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் பிழைத்த விதத்தைப் பாருங்கள்.

சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஸ்விங்லி என்ற போதகர் நகர மன்றத்தைக் கையோடு வைத்துக்கொண்டு சீர்திருத்தம் செய்தார். எது எப்போது மாறும் என்பதை மன்றம் தீர்மானித்தது. அவரோடு வேதம் படித்த இளைஞர்கள் சிலர், சபையின் காரியத்தில் மன்றத்துக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். 1525 ஜனவரி 21 இரவு ஒரு வீட்டில் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். விசுவாசம் அறிந்து ஏற்பது, பிறந்ததும் அரசின் பதிவேட்டில் ஏறுவது இல்லை என்பது அவர்கள் எண்ணம். மன்றம் மறுஞானஸ்நானத்துக்கு மரண தண்டனை அறிவித்தது. 1527 ஜனவரி 5 அன்று ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கைகால் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தார்கள். தண்ணீரில் பாவம் செய்தவனுக்குத் தண்ணீரிலேயே தண்டனை. உறுதியாய் இரு என்று அவருடைய தாய் கரையில் நின்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். தண்டனை கொடுத்தது ரோம் இல்லை, சீர்திருத்தம் பெற்ற நகரம். ஸ்விங்லியே 1531இல் காப்பெல் போர்க்களத்தில் செத்தார்.

அந்த இளைஞர்களின் வழிவந்தவர்கள் ஊர் ஊராக ஓடினார்கள். மென்னோனைட்டுகள் என்ற பெயரில் இன்றும் இருக்கிறார்கள். லுத்தருக்கும் ஹுஸுக்கும் முன்னாலேயே, 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய வால்டென்சியர்கள் என்ற கூட்டத்தார் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே உங்கள் தம்பியிடம் "ராஜா இல்லாமல் முடியாது" என்று சொல்லிவிடாதீர்கள். முடியும். சிறியதாக, ஓடிக்கொண்டே, பிள்ளைகளைப் பறிகொடுத்து.

பொறையார்_மகள்:

மூன்று பேருக்கும் நன்றி. வெண்ணாற்றங்கரை தம்பி, உங்கள் பதிலை நேற்று இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தனி இருக்கை பற்றிய வரி வந்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "வாசி" என்றார்கள்.

வாத்தியார் ஐயா, விலை பற்றி எழுதுகிறேன் என்றீர்களே. காத்திருக்கிறேன்.

சரித்திர_வாத்தியார்:

எழுதுகிறேன் அம்மா. தம்பி சொன்னதோடு எனக்கு வழக்கில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முன்சரும் முதலில் இளவரசரைத்தான் தேடினார். 1524 ஜூலையில் ஆல்ஸ்டெட் கோட்டையில் ஃபிரெடரிக்கின் தம்பி யோகானுக்கு முன்னால் பிரசங்கம் செய்து, வாளை எடுத்துத் தேவனற்றவர்களை ஒழியுங்கள் என்றார். அவர்கள் எடுக்கவில்லை. அப்புறம்தான் அவர் குடியானவர்களிடம் போனார். அந்தக் காலத்தில் வாள் இல்லாத சீர்திருத்தத்தைக் கற்பனை செய்தவர்கள் மிகச் சிலர்.

விலைக்கு வருவோம். போருக்குப் பிறகு சபைகளில் குழப்பம். பழைய பேராயர்களின் அதிகாரம் போய்விட்டது, புதிதாக யாரும் இல்லை. 1527இல் லுத்தரின் வேண்டுகோளின்படி இளவரசர் யோகான் ஊர் ஊராகப் பரிசோதகர்களை அனுப்பினார். இறையியலாளரும் அரசு அதிகாரியும் சேர்ந்த குழு. போதகருக்கு என்ன தெரியும், சம்பளம் வருகிறதா, ஜனங்களுக்குப் பத்துக் கற்பனைகள் தெரியுமா என்று பார்த்தார்கள். தெரியவில்லை என்பதைக் கண்ட வேதனையில்தான் லுத்தர் 1529இல் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் நூலை எழுதினார். நீங்களும் நானும் திடப்படுத்தலுக்கு முன் மனப்பாடம் செய்தது அதைத்தான். அது எவ்வளவு நல்ல பலன்! ஆனால் இளவரசர் இதைச் செய்வது அவசரத்துக்காக, அன்பினால், கிறிஸ்தவச் சகோதரனாக மட்டுமே என்று லுத்தர் 1528இல் எழுதினார். அந்த அவசரம் 1918 வரை நீடித்தது. ஜெர்மன் அரசர்கள் பதவி இழந்த அந்த நவம்பர் வரை அந்தந்த நாட்டு அரசரே லுத்தரன் சபையின் தலைவர்.

நம் பெயரையே பாருங்கள். 1529இல் ஸ்பையர் மன்றத்தில் சில இளவரசர்களும் 14 நகரங்களும் கொடுத்த அரசியல் ஆட்சேபத்திலிருந்து வந்தது "புராட்டஸ்டன்ட்". ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை 1530இல் எழுதியவர் லுத்தரின் தோழர் மெலாங்க்தன். கையெழுத்திட்டவர்கள் இளவரசர்களும் நகர மன்றங்களும். லுத்தர் அந்த ஊருக்குள் வரவே முடியாது, வோர்ம்ஸ் மன்றத்துக்குப் பிறகு சட்டப்படி அவர் இன்னும் குற்றவாளி. கோபர்க் கோட்டையில் கடிதத்துக்காகக் காத்திருந்தார்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஹெஸ்ஸே இளவரசர் ஃபிலிப்பின் கதை. லுத்தரன் தரப்பின் படைபலமே அவர்தான். நல்லதும் செய்தவர்: மடங்களின் சொத்தில் மார்பர்க் பல்கலைக்கழகமும் ஏழைகளுக்கு மருத்துவமனைகளும் வைத்தார். அவர் மனைவி உயிரோடு இருக்கும்போதே இன்னொரு பெண்ணைக் கட்ட ஆசைப்பட்டு லுத்தரிடம் ஆலோசனை கேட்டார். 1539 டிசம்பரில் லுத்தரும் மெலாங்க்தனும் ஸ்ட்ராஸ்பர்க் சீர்திருத்தவாதி புட்சரும் இரகசியமாகச் சம்மதித்தார்கள். 1540 மார்ச்சில் திருமணம். விஷயம் வெளியே வந்ததும் மறுத்துவிடுங்கள் என்று லுத்தர் சொன்னார். வேறு ஒரு குடியானவன் இப்படிக் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா? பேரரசின் சட்டத்தில் அது பெருங்குற்றம். தண்டனைக்குப் பயந்து ஃபிலிப் 1541இல் பேரரசர் சார்லஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். லுத்தரன் கூட்டணி உள்ளுக்குள் தளர்ந்தது. 1547இல் மியூல்பர்க் போரில் தோற்றது. காவலாக நின்ற அரசரின் பாவத்தைச் சபையும் சுமக்க வேண்டி வந்தது.

1555 ஆக்ஸ்பர்க் சமாதானம் பற்றி அதிகம் வேண்டாம். அரசர் எந்த மார்க்கமோ நாடு அந்த மார்க்கம். பிடிக்காதவர்கள் சொத்தை விற்றுவிட்டு வெளியேறலாம்.

கடைசியாக உங்கள் ஆலய முகப்பு. டென்மார்க்கில் மூன்றாம் கிறிஸ்டியன் உள்நாட்டுப் போரில் வென்று 1536இல் பேராயர்களைக் கைது செய்தார், அவர்களின் நிலங்களைக் கைப்பற்றினார், போர்க்கடனை அடைத்தார். அடுத்த வருடம் விட்டன்பர்கிலிருந்து லுத்தரின் நண்பர் புகன்ஹாகன் வந்து அவருக்கு முடிசூட்டிச் சபையை ஒழுங்கு செய்தார். அந்த வழியில் வந்தவர்தான் நாலாம் ஃபிரெடரிக். அவர் அனுப்பிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். டேனிஷ் கம்பெனி வியாபாரிகளுக்கு மிஷன் பிடிக்கவில்லை. 1708 நவம்பரில் ஆளுநர் ஹாசியுஸ் அவரை டான்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். நாலு மாதம். ராஜா அனுப்பிய ஊழியர், ராஜாவின் கொடி பறக்கிற கோட்டையில் கைதி. கோபன்ஹேகனிலிருந்து பதில் வரக் கப்பல் மாதக்கணக்கில் ஓட வேண்டும். இதையெல்லாம் கடந்து 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அந்த முத்திரை உள்ள ஆலயம் 1718இல் பிரதிஷ்டையானது, மறு வருடம் சீகன்பால்க் 36 வயதில் இறந்தார்.

பையனுக்கு நான் சொல்வது இதுதான்: தேவனா அரசியலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதே, ஒவ்வொரு உதவியிலும் யார் என்ன கொடுத்தார்கள், யார் தலையில் விடிந்தது என்று பார்.

பொறையார்_மகள்:

ஐயா, சிறிய ஞானோபதேசம் அந்தப் பரிசோதனையிலிருந்து வந்தது என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. சீகன்பால்க் அதைத் தமிழில் கொடுத்ததால்தான் என் பாட்டி எழுத்துக்கூட்டிப் படித்த முதல் புத்தகம் அது. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பன்னிரண்டு கோரிக்கைகளையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பேச்சை மாற்றி எழுதிவிட்டேன். வோர்ம்ஸிலிருந்து தொடங்காமல் டான்ஸ்போர்க் கோட்டையின் அறையிலிருந்து தொடங்குகிறேன். அது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விளையாடுகிற இடம், அவர்களுக்குக் கண்ணில் தெரியும். அங்கிருந்து முகப்பின் கிரீடத்துக்கு, அங்கிருந்து சாக்சனி ஃபிரெடரிக்குக்கு. மான்ஸின் தாயையும் சொல்வேன்.

கேள்வி கேட்ட தம்பிக்கு இன்று போன் செய்தேன். "பதில் கிடைச்சுதா அக்கா?" என்றான். பாதி கிடைத்தது, மீதியை நீதான் வாசிக்கப் போகிறாய் என்றேன். கூட்டத்தில் முதலாவது கோரிக்கையையும் மூன்றாவது கோரிக்கையையும் அவன் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கிறான். அதற்கு லுத்தர் சொன்ன பதிலை நான் வாசிக்கிறேன். எங்கள் போதகர் ஐயரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அரை மணி நேரம் போதாது, முக்கால் மணி எடுத்துக்கொள் என்றார்.